பில்டப்பும் அப்பாவின் பேரேடும்

2025 நவம்பரில் ஒரு வாரம் மொரப்பூரில் இருந்தேன். சொந்த ஊர். சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக இந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஓரிரு நிமிடம் நிற்கும். தர்மபுரிக்கும் அரூருக்கும் போகிறவர்கள் மூட்டை முடிச்சுடன் இறங்குவார்கள். நீங்கள் டீ வாங்கலாமா என்று யோசிப்பதற்குள் கிளம்பிவிடும்.

நான் போனது அண்ணன் கூப்பிட்டதால். "ஒரு தடவை வந்துட்டுப் போடா. பையன் ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல. என்னடான்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறான். நீ கேட்டா சொல்லுவான்."

அண்ணன் மகன் இன்ஜினீயரிங் முதல் வருஷம். சேலத்தில் ஹாஸ்டல், லீவுக்கு வந்திருந்தான். பதினெட்டு வயதுப் பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் நமக்கு என்னென்ன தோன்றும்? காதல், அரியர், ராகிங், ஆன்லைன் ரம்மி... வழி நெடுக ஒவ்வொன்றாகப் பயந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"என்ன கண்ணு ஆச்சு?"

"தள்ளிப் போட்டுட்டாங்க சித்தப்பா."

"எதை? பரீட்சையையா?"

"ஜி.டி.ஏ. சிக்ஸ்."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அப்புறம்தான் விஷயம் வீடியோ கேம் என்றாலும் சோகம் நிஜம் என்று புரிந்தது.

தெரியாதவர்களுக்காக: 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்பது உலகத்திலேயே அதிகம் விற்ற விளையாட்டு வரிசைகளில் ஒன்று. ஐந்தாவது பாகம் 2013-ல் வந்தது. ஆறாவதின் முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில். தொண்ணூறு விநாடி. அதை யூடியூபில் ஒரே நாளில் 9 கோடிக்கும் மேற்பட்ட தடவை பார்த்தார்கள். 2025-ல் வரும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். நான் மொரப்பூர் போன அந்த வாரம்தான், மே மாதமும் இல்லை, 2026 நவம்பர் 19 என்று அறிவிப்பு வந்திருந்தது.

நம்ம ஆள் அந்த டிரெய்லரை எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று அவனுக்கே கணக்குத் தெரியவில்லை. கடற்கரையில் யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒப்பிக்கிறான். நான் ஓர் அப்பாவிக் கேள்வி கேட்டேன்.

"சரிடா, வந்தா அதை நீ எதுல விளையாடுவே?"

மௌனம். அவனிடம் இருப்பது ஒரு போன், 'ஈ' எழுத்து உதிர்ந்த ஒரு பழைய லேப்டாப். விளையாட்டோ பிளேஸ்டேஷன்-5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளுக்கு மட்டும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் வாங்க அரை லட்சம் ஆகும்.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"இன்னும் இல்ல. ரிலீஸ் கிட்ட வரட்டும்னு..."

அதாவது பெட்டி இல்லை, காசு இல்லை, விளையாட்டும் வரவில்லை. ஆனால் அது தள்ளிப்போனதற்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை!

இதற்குத்தான் தமிழில் அழகான ஓர் ஆங்கில வார்த்தை இருக்கிறது: பில்டப்.

மொரப்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதையில் சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது நின்றது. அன்றிலிருந்து அந்தப் பாதை திரும்ப 'வந்துகொண்டே' இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் 'வரப் போகுது', அப்பா காலத்தில் 'வந்துடும்'. ஒருவழியாக 2019 மார்ச்சில் சுமார் 36 கிலோமீட்டர் அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னது: "டிரெய்லர் நல்லா இருக்குதுப்பா. படம்தான் எப்பன்னு தெரியல." அடிக்கல் நாட்டிய நாளில் எங்கள் ஊரில் பூரிப்பு இல்லாமலில்லை. அந்தப் பூரிப்பை யாரும் பொய் என்று சொல்லிவிட முடியாது.

இருந்தாலும், சித்தப்பா என்ற பதவிக்கு அட்வைஸ் என்று ஒரு கடமை இருக்கிறதே. ஆரம்பித்தேன்.

"பாரு கண்ணு, இந்த பில்டப்பு எல்லாம் ஆளைக் கவுக்கறதுக்கு. 1982-ல அமெரிக்காவுல 'ஈ.டி.'ன்னு ஒரு கேம்..."

அந்தக் கதை சுவாரஸ்யமானது, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் சக்கைப்போடு போட்ட வருடம் அது. அட்டாரி கம்பெனி பெரும் தொகை கொடுத்து உரிமை வாங்கி, கிறிஸ்துமஸுக்குள் கேம் வந்தாக வேண்டும் என்றது. ஹாவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் தனி ஆளாக ஐந்தே வாரத்தில் எழுதி முடித்தார். லட்சக்கணக்கில் கேசட் அடித்தார்கள். வாங்கின பிள்ளைகள் ஈ.டி.யை நகர்த்தினால் அது பள்ளத்தில் விழுந்தது. ஏற்றினால் மறுபடி விழுந்தது. விற்காமல் தேங்கியதையும் வேறு பல சரக்கையும் 1983-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அது வெறும் வதந்தி என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2014-ல் தோண்டிப் பார்த்தால்... கேசட்டுகள் கிடைத்தன!

அடுத்தது 'சைபர்பங்க் 2077'. 2012-ல் அறிவித்தார்கள். 2019-ல் கியானு ரீவ்ஸ் மேடையேறி ரிலீஸ் தேதி சொன்னபோது அரங்கம் அதிர்ந்தது. ஏப்ரல், செப்டம்பர், நவம்பர் என்று தள்ளித் தள்ளி 2020 டிசம்பர் 10-ல் வந்தது. 80 லட்சம் பேர் முன்கூட்டியே காசு கட்டியிருந்தார்கள். பழைய பிளேஸ்டேஷனில் அது திக்கித் திணறி நின்ற லட்சணத்தில், ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜியைத் தடை செய்தார்கள். இரண்டே நாளில் அக்ஷய் குமார் 'ஃபௌஜி' என்று ஓர் இந்திய விளையாட்டை அறிவித்தார். அக்டோபர் என்றார்கள், நவம்பர் என்றார்கள். முன்பதிவு திறந்த ஒரே நாளில் 10 லட்சத்துக்கு மேல் பதிவு. கடைசியில் 2021 குடியரசு தினத்தன்று வந்தது. நூறு பேர் ஒரு தீவில் குதித்துச் சுட்டுக்கொள்ளும் பப்ஜி மாதிரி ஒன்றை எதிர்பார்த்து ஜனம் உள்ளே போனது. இருந்தது, மலைப்பிரதேசத்தில் தனியாளாகக் கைச்சண்டை போடும் ஒரு கதை விளையாட்டு. பிளே ஸ்டோரில் நட்சத்திர மதிப்பெண் சில நாளில் சரிந்தது. அந்த விளையாட்டு நல்லதா சுமாரா என்பது வேறு விவாதம். அதை அதாகப் பார்க்க அன்று யாரும் தயாராக இல்லை. எல்லோர் தலையிலும் வேறொரு விளையாட்டு முன்கூட்டியே ஓடிக்கொண்டிருந்தது.

நான் இவ்வளவும் சொல்லி முடித்ததும் பையன் நிதானமாகக் கேட்டான்.

"சைபர்பங்க்கை இப்ப விளையாடிப் பாத்திருக்கீங்களா சித்தப்பா? 2023-ல பெரிய அப்டேட் விட்டாங்க. இப்ப சூப்பரா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப அதை ரசிக்கறவனுக்கு அன்னிக்கு பில்டப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அட, உண்மைதானே! 2016-ல் 'நோ மேன்'ஸ் ஸ்கை' என்ற விளையாட்டும் அப்படித்தான். கோடி கோடிக் கிரகங்கள், எதில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று சொல்லி வந்தது. இறங்கிப் பார்த்தவர்கள், சொன்னதில் பாதியைக் காணோம் என்று கல்லெறிந்தார்கள். செய்தவர்கள் ஓடிப் போகாமல், வாய் திறக்காமல், வருடக்கணக்கில் இலவசமாகச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்று அதற்கு நல்ல பெயர். நம்மூரில் 'பாபா' இல்லையா? 2002-ல் வந்தபோது இருந்த எதிர்பார்ப்பை இமயமலையே தாங்கியிருக்காது. ஓடவில்லை. நஷ்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்கு ரஜினி பணம் திருப்பிக் கொடுத்தார். 2022 டிசம்பரில் வெட்டி ஒட்டி மறுபடி வெளியிட்டபோது ரசிகர்கள் விசிலடித்துப் பார்த்தார்கள். நடுவில் இருபது வருடம் போயிருந்தது. எதிர்பார்ப்பு கரைந்திருந்தது, படம் மிச்சமிருந்தது.

எதிர்பார்ப்பு எப்போதும் கெடுதல் என்றும் சொல்ல முடியவில்லை. 2008-ல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள், 10 டாலர் என்று ஒரு தடவை, 90 டாலர் என்று ஒரு தடவை. விலை அதிகம் சொன்னதுதான் ருசி என்றார்கள் குடித்தவர்கள். சும்மா வாய் வார்த்தை இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் அதிகமாகவே வேலை செய்ததாம். அதாவது பில்டப் நாக்கில் ருசியாகவே இறங்குகிறது. 2010-ல் நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து இன்னோர் ஆய்வு. சுற்றுலா போகிறவர்கள் எப்போது சந்தோஷமாக இருக்கிறார்கள்? போகாதவர்களோடு ஒப்பிட்டால், கிளம்புவதற்கு முன்னால்தான்! திரும்பி வந்தபின் இரண்டு கோஷ்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். இதற்கு நெதர்லாந்து எதற்கு?

அப்படியானால் பில்டப் விளையாட்டைக் கெடுக்கிறதா, இல்லையா?

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஜி.டி.ஏ. இல்லை. அப்பா.

1996. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர். நீளமான பேரேடு, சிவப்பு மையும் நீல மையும், காதில் பேனா. வாய் அதிகம் பேசாத மனிதர். அந்த வருடம் என்னவோ திடீரென்று எனக்கு டி.வி. கேம் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். சொன்னது ஐப்பசியில். வாங்கப் போவது பொங்கலுக்கு, மில்லில் போனஸ் கொடுத்ததும்.

நடுவில் இருந்த அந்த இரண்டு மாதம் இருக்கிறதே! வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். "சேலத்துல போய்ப் பாத்துட்டு வந்தேன். ஒரே கேசட்டுல ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது கேமாம். தினம் ஒண்ணு விளையாடினாலும் இருபத்தேழு வருஷம் வருது. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்." இருபத்தேழு வருஷம்! நான் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள். யார் யார் எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரலாம் என்று நான் பட்டியல் போட்டேன். அந்த இரண்டு மாதத்தில் எங்கள் வகுப்பில் நான்தான் ராஜா.

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கும். ஜப்பானில் நின்டெண்டோ 1983-ல் கொண்டுவந்த பெட்டியின் நகலின் நகல். இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, தொட்டால் சுடுகிற ஓர் அடாப்டர். டி.வி.யின் சேனல் குமிழைத் திருகித் திருகிப் படம் பிடிக்க வேண்டும். வராவிட்டால் கேசட்டைக் கழற்றி 'உஃப்' என்று ஊத வேண்டும்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. வீடு கொள்ளாத கூட்டம். என் வகுப்பே வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், அப்பாவின் மில் சிநேகிதர்கள் இரண்டு பேர். அட்டைப்பெட்டியில் பெரிதாக '9999 இன் 1' என்று அச்சடித்திருந்தது.

முதல் கேம் மரியோ. எல்லோரும் கத்தினோம். இரண்டாவது டாங்க். மூன்றாவது வாத்து சுடுவது. ஏழாவதோ எட்டாவதோ... மறுபடி மரியோ. ஆனால் இரண்டாவது கட்டத்திலிருந்து ஆரம்பித்தது. பன்னிரண்டாவது மறுபடி டாங்க், கொஞ்சம் வேகமாக. இருபதாவது, முப்பதாவது, நூறாவது... எல்லாம் அதே ஏழெட்டு விளையாட்டுகள். பெயரை மாற்றி, ஆரம்பிக்கிற இடத்தை மாற்றி ஒன்பதாயிரமாக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கேசட்டுகள் எல்லாமே அப்படித்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

யாரோ ஒரு பையன் சிரித்தான். எனக்கு முகம் சுட்டது. அத்தனை பேர் முன்னால் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்:

"நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கீங்க. கணக்கு எழுதறவராம் கணக்கு!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மில் சிநேகிதர்களுக்கு அம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுவாரம் அவர் கேசட்டை எடுத்துக்கொண்டு சேலம் கடைக்குப் போனார். மாற்றித் தரவில்லை. நான் அந்தப் பெட்டியை அப்புறம் அதிகம் தொடவில்லை. யோசித்துப் பாருங்கள்... மரியோ, டாங்க், வாத்து! உலகத்துப் பிள்ளைகள் பைத்தியமாகக் கிடந்த விளையாட்டுகள். 9999 என்று சொல்லாமல் '8 இன் 1' என்று கொடுத்திருந்தால் நான் கூரை மேலே ஏறிக் கூவியிருப்பேன். எட்டும் கையில் இருந்தன. இல்லாத 9991-தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. அவர் போனபிறகு பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பேரேடுகள் கட்டாக இருந்தன. எடைக்குப் போடலாம் என்று புரட்டினேன். ஒன்றில் பாதிக்கு மேல் மில் கணக்கு இல்லை. நீல மையில், அவருடைய அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்தில்:

1. மரியோ.
2. டாங்கு.
3. வாத்து.

கீழே வரிசையாக... 7. மேற்படி 1. 12. மேற்படி 2, வேகம் கூடுதல். 31. மேற்படி 3. 58. மேற்படி 1, நீர் நிலை.

பக்கம் பக்கமாக. 412 வரைக்கும்.

ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். எங்கேயாவது ஒரு புது விளையாட்டு அகப்படாதா என்று தேடியிருக்கிறார். அகப்பட்டிருந்தால் காலையில் என்னை எழுப்பிக் காட்டியிருப்பார். காட்டவில்லை. 1998-ல் அந்தப் பெட்டி இடி இறங்கியதில் புகைந்துவிட்டது. அதோடு எழுத்தும் நின்றிருக்கிறது.

பேரேட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் சில குறிப்புகள் இருந்தன. முதலில் எனக்குப் புரியவில்லை. 'டாங்கு - 9', 'டாங்கு - 14', 'டாங்கு - 22'. அவர் எட்டிய கட்டங்கள்! மனிதர் நன்றாகவே விளையாடியிருக்கிறார்.

அந்த ராத்திரி மொரப்பூரில் படுத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. விளையாட வேண்டிய நான் அன்று கணக்குப் பார்த்தேன். கணக்குப் பார்க்க உட்கார்ந்த அவர் விளையாடினார்.

பில்டப் செய்கிற காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். காத்திருக்க வைப்பதில் தப்பில்லை. அந்த இரண்டு மாதம் என் பால்யத்தின் மிகச் சிறந்த இரண்டு மாதம். கேசட் ஏமாற்றியதால் அது இல்லையென்று ஆகிவிடாது. கெடுதல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், விளையாட வந்தவனை அது சரிபார்க்க வந்தவனாக மாற்றும்போது. இத்தனை கிரகம், இத்தனை கேம், டிரெய்லரில் வந்த அந்த மழை, அந்தப் பாலம்... எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நாம் உள்ளே போய் ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறோம். டிக் விழாத இடத்தில் கோபம். விழுந்த இடத்திலாவது சந்தோஷமா? அதுவும் இல்லை, அதைத்தான் ஏற்கெனவே இருநூறு தடவை பார்த்தாகிவிட்டதே!

பில்டப் இல்லாமல் வந்தவற்றைப் பாருங்கள். 'அமங் அஸ்' 2018-ல் வந்தது. சீந்த ஆளில்லை. இரண்டு வருடம் கழித்து ஊரடங்கில் ஒருவர் சொல்லி ஒருவர் ஆடி உலகமே ஆடியது. 2023-ல் 'வெண்பா' என்று ஒரு சின்ன விளையாட்டு. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி ஊற்ற வேண்டும், பிரியாணி செய்ய வேண்டும். மொத்தமே ஒன்றரை மணி நேரம். டொரன்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. உலகத்து விருதுகள் சில தேடி வந்தன. இவ்வளவு நேரம், இத்தனை வரைபடம் என்று சொல்லிக் கூவ அதனிடம் எண்கள் இல்லை. அதனால் சரிபார்க்கவும் ஒன்றுமில்லை. பார்க்கிறவர்கள் இட்லியைப் பார்த்தார்கள், தங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பில்டப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, நம்மோடு சேர்ந்து காத்திருக்கிறவர் செய்வது. மற்றது, நம்மைக் காக்க வைத்துக் காசு பார்க்கிறவர் செய்வது. எண் ஒன்றுதான், 9999. அட்டையில் அதை அச்சடித்தவருக்கு அது வியாபாரம். அதையே தினமும் சாயங்காலம் வந்து சொன்ன அப்பாவுக்கு? அவரும்தான் அந்த இருபத்தேழு வருஷத்துக்குக் காத்திருந்தார். பன்னிரண்டு வயதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அட்டையிடம் காட்ட வேண்டிய கோபத்தை அவரிடம் காட்டிவிட்டேன். அதைத் திருப்பிச் சொல்லி வாங்கிக்கொள்ள இப்போது அவர் இல்லை.

காலையில் பையனை உட்காரவைத்துப் பேசினேன். அட்வைஸ் இல்லை, ஒப்பந்தம்.

ஒன்று, காத்திரு. நன்றாகக் காத்திரு, அது இலவசம், அதுவும் ஒரு விளையாட்டு. ஆனால் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் காத்திரு. இரண்டு, முதல் டிரெய்லரோடு நிறுத்திக்கொள். மிச்சத்தைக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்தை உனக்கே வைத்துக்கொள். மூன்று, முன்கூட்டிக் காசு கட்டாதே. டிஸ்க் தீர்ந்து போய்விடும் என்று ஓடிய காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று டவுன்லோடு. டவுன்லோடு தீர்ந்துபோய் யாராவது பார்த்திருக்கிறார்களா? வந்து ஒரு மாதம் ஆகட்டும். நல்லதென்றால் அப்போதும் நல்லதாகத்தான் இருக்கும். நான்கு, பெட்டிக்குப் பாதிக் காசு நான் போடுகிறேன். மீதியை நீ சேர்த்து வை. அப்பாவிடம் 'வாங்கித் தா' என்று போய் நிற்காதே. உரக்கடை வருமானத்தில் அவர் வாங்கித் தந்துவிடுவார். அதுதான் பயம்.

நாலாவதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் பிசிறியது. அவன் கேட்டதற்குத்தான் பேரேட்டை எடுத்துவந்து காட்டினேன். அவனுக்குத் தாத்தாவை மங்கலாகத்தான் ஞாபகம், ஏழு வயதில் பார்த்தது.

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். 'மேற்படி' என்றால் என்ன என்று கேட்டான், சொன்னேன். சிவப்பு மைக் குறிப்புகளுக்கு வந்ததும் நிமிர்ந்தான்.

"டாங்க்ல இருபத்திரண்டாவது லெவலா? தாத்தாவா? கெத்து சித்தப்பா!"

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். எழுந்து போனவன் வாசல்படியில் நின்று திரும்பினான்.

"சித்தப்பா, 412-ல நின்னுடுச்சே... 413 என்ன கேமா இருந்திருக்கும்?"

"மரியோவாத்தான் இருக்கும்" என்றேன்.

"இல்லாமலும் இருக்கலாம்ல?"

இருக்கலாம். அந்தக் கேசட் எங்கே போனதென்று எனக்கு இதுநாள்வரை தோன்றவில்லை. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் பரண் மேல் ஏறினோம்.